நாலு கல்லும் ஒரு எலுமிச்சம்பழமும்

இப்போதெல்லாம் எவனும் ஒரு பொருளைப் பார்த்தால் இது என்ன என்று கேட்பதில்லை. யார் வைத்தது என்றுதான் கேட்கிறான். ரோட்டில் ஒற்றைச் செருப்பு கிடந்தால் போதும், அதை யார் விட்டது, யார் வீட்டைப் பார்த்து விட்டது என்று டீக்கடையில் அரை நாள் பேச்சு ஓடும். வார் அறுந்திருக்கிறது, அதனால் விட்டுப் போயிருக்கிறான் என்று நான் சொன்னால் என்னைத்தான் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். நான் இரண்டாவது வரைக்கும் படித்தவன். எதையும் லேசில் நம்ப மாட்டேன். ரேடியோவில் மழை என்று சொன்னால் வெளியே வந்து வானத்தைப் பார்ப்பேன். வானம் கறுத்திருந்தாலும் நனைகிற வரைக்கும் நம்ப மாட்டேன். "பரசுராமன் எதிர்ல சாமியே வந்து நின்னாலும் ரேஷன் கார்ட காட்டுன்னு கேப்பாரு" என்று டீக்கடைத் தாண்டவராயன் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். சிரிக்கட்டும். அந்த வெள்ளிக்கிழமை நடந்ததைப் பார்த்தவர்கள் எல்லாரும் ஆளுக்கொன்றை நம்பிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். நம்பாமல் போனவன் நான் ஒருவன்தான்.

காலையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன். களத்துப் பக்கம் ஒரு கூப்பாடு கேட்டது. தாயாரம்மாளின் குரல். தாயாரம்மாள் என் சித்தப்பா மகன் பாண்டுரங்கனின் பெண்சாதி. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் பொதுவாக ஒரு களம். கிழக்கே என் வீடு, மேற்கே அவன் வீடு. சொர்ணவாரிப் போக நெல்லை அறுத்து அடித்து முடித்திருந்ததால் களம் சும்மா கிடந்தது. ஏரிக்குப் போகிறவர்களும் சேரப்பணஞ்சேரிக்குப் பஸ் ஏறப் போகிறவர்களும் அதன் குறுக்கேதான் போவார்கள். நான் போய்ச் சேருவதற்குள் பாதி ஊர் அங்கே நின்றது. சாணிக்கூடையைக் கீழே போட்டுவிட்டுத் தாயாரம்மாள் வயிற்றில் அடித்துக்கொண்டிருந்தாள்.

களத்தில் கோலமாவால் பெரிய சதுரம் ஒன்று போட்டிருந்தது. நாலு மூலையிலும் நாலு கல். என் வீட்டுப் பக்கத்து இரண்டு கல்லிலும் குங்குமம். பாண்டுரங்கன் வீட்டுப் பக்கத்து இரண்டு கல்லிலும் அடுப்புக்கரி. சதுரத்தின் நடு மத்தியில் ஒரு எலுமிச்சம்பழம், அதன் தலையிலும் குங்குமம். பழத்திலிருந்து சின்னச் சின்ன அம்புகள் கிளம்பின. அவை எல்லாவற்றையும்விடத் தடியாக ஒரு அம்பு, முனையில் இரண்டு கை அகலத்துக்கு விரிந்து, நூல் பிடித்த மாதிரி நேராகப் பாண்டுரங்கனின் வாசற்படியைக் காட்டிக்கொண்டிருந்தது.

எனக்கு அது என்ன என்று தெரியும். முந்தின நாள் சாயங்காலம் அதைப் போடும்போது நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். போட்டது என் மருமகள் லீலா.

லீலா குன்றத்தூர்ப் பெண். பிளஸ் டூவில் எல்லாம் பாஸ், பௌதிகத்தில் மட்டும் பெயில். பெண் பார்க்கப் போன அன்றைக்கு, காப்பித் தட்டை வைத்துவிட்டு உள்ளே போகாமல் நின்று, "அந்த ஒரு பரீட்சைய மட்டும் எழுத வுடணும்" என்று கேட்டாள். பாஸ் பண்ணிவிட்டால் வாத்தியார் டிரெயினிங்குக்கு மனுப்போடலாமாம். சபையில் ஒரு பெண் வாய் திறந்து கேட்டதும் எல்லாரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். நான்தான் சரி என்று சொன்னேன். படிப்பின் மேல் நம்பிக்கை வைத்துச் சொல்லவில்லை. கேட்ட விதம் பிடித்திருந்தது, சொன்னேன். சொன்னால் சொன்னதுதான். என் மகன் கோதண்டராமன் அம்பத்தூரில் லேத் பட்டறையில் வேலை. பக்கத்துப் பாடியில் ரூம் எடுத்திருக்கிறான். ஓவர்டைம் இல்லாத சனிக்கிழமை சாயங்காலம் வருவான், திங்கட்கிழமை விடிகாலை பஸ்ஸில் போய்விடுவான். நல்ல பையன்தான், ஆனால் ஊர் என்ன சொல்லும் என்பதை முதலில் கேட்டுவிட்டுப் பிறகுதான் தனக்கு என்ன தோன்றுகிறது என்று யோசிப்பான். மற்ற நாளெல்லாம் வீட்டில் நானும் அவளும்தான். அவள் உலை வைத்துவிட்டுப் படிப்பாள், நான் வேலி கட்டிக்கொண்டே அவள் வாய்க்குள் முணுமுணுப்பதைக் கேட்பேன்.

பரீட்சை அந்த வெள்ளிக்கு அடுத்த திங்கட்கிழமை. வியாழக்கிழமை சாயங்காலம் அவள் புத்தகத்தை மூடிவிட்டுக் கோலமாவு டப்பாவை எடுத்துக்கொண்டு களத்துக்குப் போனாள்.

"இன்னாம்மா, வெளக்கு வெக்கற நேரத்துல கோலம்?"

"கோலம் இல்ல மாமா, கணக்கு. பேப்பர்ல சின்னதா போட்டா அம்பு மேல அம்பு ஏறிக்குது. எது எந்தப் பக்கம்னு தெரியல. போன தபா இதுலதான் போச்சு. பெருசா போட்டுப் பாக்கறேன்."

"கல்லு இன்னாத்துக்கு?"

"அது கல்லு இல்ல. மின்னூட்டம்."

"கல்லுதானே கீது."

"கல்லுதான். மின்னூட்டம்னு வெச்சிக்கணும். செவப்பு நேர், கறுப்பு எதிர். செவப்பு தள்ளும், கறுப்பு இழுக்கும். நடுவுல கீற பழம் சோதனை மின்னூட்டம், அது எந்தப் பக்கம் போவும்னு கண்டுபுடிக்கணும். அதுக்குப் பேரு மின்புலம்."

"அது எங்கியும் போவலையே. வெச்ச எடத்துலியேதான கீது?"

"போச்சுன்னா எந்தப் பக்கம் போவும்னு, மாமா!" அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நாலையும் ஒண்ணா பாத்தா கொழம்பிடும். ஒவ்வொண்ணா பாக்கணும். இந்தக் கல்ல பாக்கும்போது மத்த மூணும் இல்லவே இல்லன்னு நெனச்சிக்கினு, இது மட்டும் எவ்ளோ தள்ளுது, எந்தப் பக்கம் தள்ளுதுன்னு ஒரு அம்பு. அப்புறம் அடுத்த கல்லு. கடைசில நாலு அம்பையும் ஒண்ணா சேக்கணும். அதான் மொத்தம்."

ஒருவனைப் பார்க்கும்போது மற்ற மூன்று பேர் இல்லை என்று வைத்துக்கொள்வதாம். இந்த ஊரில் அதை யாரால் செய்ய முடியும்? பாண்டுரங்கனைப் பார்த்தால் தாயாரம்மாளும் சேர்ந்துதான் தெரிவாள். கண்ணுக்குத் தெரியாத ஒன்று இன்னொன்றைத் தொடாமலே இழுக்கிறது என்று ஒரு புத்தகம் சொல்கிறது, அதை இந்தப் பெண்ணும் தலையாட்டிக் கேட்டுக்கொள்கிறது. "யாரு பாத்தாங்களாம்?" என்று கேட்டேன். "யாரும் பாக்கல மாமா. ஆனா விடை வருது" என்றாள். இருட்டிவிட்டது. காலையில் வெளிச்சத்தில் இன்னொரு தடவை பார்த்துவிட்டு அழித்துவிடுகிறேன் என்று அப்படியே விட்டுவிட்டு வந்தாள். அவளுக்கு முன்னால் தாயாரம்மாள் எழுந்துவிட்டாள்.

பாண்டுரங்கன் பல் விளக்கிக்கொண்டிருந்த வேப்பங்குச்சியோடு வந்தான். அம்பைப் பார்த்தான், தன் வீட்டு வாசலைப் பார்த்தான். குச்சியைத் துப்பினான்.

"அண்ணாத்தே, இன்னா இது? எம்மாட்டு மடி வத்திப்போய்க் கீதேன்னு நான் தவிச்சிக்கினு கீறேன். இதானா சங்கதி?"

அவனுடைய எருமை அந்த வாரம் திடீரென்று பால் கொடுக்காமல் நின்றுவிட்டது. அது உண்மைதான். "டேய் பாண்டு, இது லீலா போட்ட பாடம்டா" என்றேன்.

"பாடமா? பாடத்துல எலுமிச்சம்பழம் எங்க வருது?" என்றாள் தாயாரம்மாள்.

கல் இருக்கும்போது பழம் எதற்கு என்று நானும் முந்தின நாள் கேட்டிருக்கலாம். எங்கள் மரத்தடியில் விழுந்து கிடந்தது, உருண்டையாக இருந்தது, எடுத்து வைத்தாள், அவ்வளவுதான். குங்குமம் ஏன் என்றால் அதுவும் நேர் மின்னூட்டமாம்.

"உம்மாடு செவ்வாய்க்கெழமையே நின்னுபோச்சு. இவ நேத்து சாயந்திரம்தான் இத போட்டா. அதெப்படிடா?" என்று கேட்டேன்.

பாண்டுரங்கன் தாயாரம்மாளைத் திரும்பிப் பார்த்தான். செல்லியம்மன் கோவில் பூசாரி தசரதன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தான். "இந்த மாதிரி சமாச்சாரத்துக்கு முன்னே பின்னே கெடையாது" என்றான். கூட்டம் ஆமாம் என்றது. எதற்குமே முன்னே பின்னே கிடையாது என்றால் பிறகு நாள் நட்சத்திரம் பார்த்து இவன் ஏன் தட்சிணை வாங்குகிறான் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் லீலா வந்துவிட்டாள். கையில் பௌதிகப் புத்தகம்.

அவளைப் பார்த்ததும் கூட்டம் இரண்டடி பின்வாங்கியது. அவள் எதையும் கவனிக்காமல் புத்தகத்தைப் பிரித்துத் தசரதனிடம் நீட்டினாள். "பாருங்க, இதே படந்தான். பக்கம் போட்டுக் கீது."

தசரதன் வாங்கிப் பார்த்தான். சதுரம். நாலு மூலையிலும் எழுத்து. நடுவில் புள்ளி. சுற்றிலும் அம்பு. கீழே தமிழும் இல்லாத, இங்கிலீஷும் இல்லாத ஏதோ வளைந்த எழுத்தும் எண்களும் கோடுகளுமாக ஒரு வரி. அவன் முகம் மாறியது. தகட்டில் எந்திரம் எழுதுகிறவன் அவன்.

"அம்மாடி, இது எந்திரந்தான்" என்றான். "கட்டம் போட்டு, மூலைக்கு அட்சரம் போட்டு... அச்சே அடிச்சு வெச்சிக் கீறானுங்களே!"

காரியம் கெட்டது. இல்லை என்று காட்டக் கொண்டுவந்த புத்தகமே சாட்சியாகிவிட்டது. தாயாரம்மாள் அழ ஆரம்பித்தாள். பாண்டுரங்கன் சத்தம் போட்டான். அந்தப் புத்தகத்தை ஏரியில் போட வேண்டும், இனிமேல் அவள் அதைத் தொடக்கூடாது, பரீட்சையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், நாளைக்குக் கோதண்டம் பஸ்ஸை விட்டு இறங்கினதும் அவனிடமே சொல்லிவிடுகிறேன் என்றான். கோதண்டத்திடம் இவன் சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். சித்தப்பா சொல்கிறார், ஊர் சொல்கிறது, இந்தத் தடவை வேண்டாம் லீலா, அடுத்த தடவை பார்க்கலாம் என்பான். அடுத்த தடவைக்குள் ஒரு பிள்ளை வந்துவிடும். லீலாவுக்கும் அது தெரியும். புத்தகத்தைத் தசரதன் கையிலிருந்து வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள்.

எனக்கு அப்போது அவள் சொன்ன கணக்கு ஞாபகம் வந்தது. சரி, ஒவ்வொருத்தனாகப் பார்ப்போம் என்று பார்த்தேன். தசரதனுக்குத் தன்னைக் கேட்டுத்தான் எதுவும் நடக்க வேண்டும். தாயாரம்மாளுக்கு நிஜமாகவே பயம். பாண்டுரங்கனுக்குப் பால் வேண்டும், அதற்குமேல் ஒன்றும் இல்லை. எனக்கு, நான் கொடுத்த வார்த்தை நிற்க வேண்டும். இதையெல்லாம் சேர்த்தால் மொத்தம் என்ன வரும் என்றுதான் எனக்குத் தெரியவில்லை. நான் இரண்டாவது வரைக்கும் படித்தவன்.

"தசரதா" என்றேன். "இது கெட்டதாவே இருக்கட்டும். எடுக்க வழி உண்டா, இல்லியா?"

அவன் தொண்டையைச் செருமினான். "வெச்சவங்க கைதான் எடுக்கணும். வேற ஆளு தொட்டா தொட்டவன புடிச்சிக்கும்."

"அப்ப அவளே எடுக்கட்டும். எடுத்துட்டா பேச்சு முடிஞ்சுதா?"

"அம்பு நிக்கணும். நின்னுட்டா முடிஞ்சுது."

நான் லீலாவைப் பார்த்தேன். எல்லாவற்றையும் காலால் தேய்த்து அழிப்பாள் என்று நினைத்தேன். அவள் அப்படிச் செய்யவில்லை. புத்தகத்தை என் கையில் கொடுத்துவிட்டு, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு சதுரத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். உதடு அசைந்தது. பிறகு நின்று பாண்டுரங்கனைக் கூப்பிட்டாள்.

"சின்ன மாமா, இங்க வாங்க. பயப்படாதீங்க, கோட்டுக்கு வெளியவே நில்லுங்க. இந்த செவப்பு பழத்த அந்த எதிர் மூலைக்குத் தள்ளுது, சரியா? அந்த மூலைல கறுப்பு. அதுவும் தங்கிட்ட இழுக்குது. ரெண்டும் ஒரே பக்கம். அதே மாதிரி அந்த செவப்பும் இந்தக் கறுப்பும் ஒரே பக்கம். நாலும் சேந்துதான் அம்பு உங்க வூட்டாண்ட போச்சு."

"பாத்தியா, அவளே சொல்றா!" என்றான் பாண்டுரங்கன்.

"இப்ப பாருங்க." தெற்கு ஓரத்திலிருந்த சிவப்புக் கல்லைத் தூக்கினாள். கனமான கல். யாரும் கை கொடுக்கவில்லை. அதை அதே ஓரத்தின் மேற்கு மூலைக்குக் கொண்டுபோய் வைத்து, அங்கிருந்த கரிக்கல்லைத் தூக்கிவந்து இது இருந்த இடத்தில் வைத்தாள். கை எல்லாம் குங்குமமும் கரியும். "இடம் மாத்திட்டேன். இந்த செவப்பு பழத்த அந்தாண்ட தள்ளுது. அந்தாண்ட கீறதும் செவப்பு, அது இந்தாண்ட தள்ளுது. சமம். போச்சு." குனிந்து இரண்டு சின்ன அம்புகளைக் கையால் அழித்தாள். "இந்தக் கறுப்பு இப்டி இழுக்குது, எதிர்ல கீற கறுப்பு அப்டி இழுக்குது. சமம். அதுவும் போச்சு." இன்னும் இரண்டு அம்புகளை அழித்தாள். கடைசியில் அந்தத் தடி அம்பு மட்டும் நின்றது. முட்டி போட்டு உட்கார்ந்து, முனையிலிருந்து அடி வரைக்கும் புறங்கையால் தேய்த்துக்கொண்டே பின்னால் நகர்ந்து வந்தாள்.

"மொத்தம் இப்ப ஒண்ணுமில்ல, சின்ன மாமா."

"ஒண்ணுமில்லன்னா?"

"நடுவுல பூஜ்யம்."

தசரதன் நாலு கல்லையும் ஒன்றொன்றாகப் பார்த்தான். எதிரெதிர் மூலையில் சிவப்பும் சிவப்பும், கறுப்பும் கறுப்பும். தலையை ஆட்டினான். "முறையாத்தான் பண்ணிக் கீது பொண்ணு. செவப்புக்கு செவப்பு கட்டு, கறுப்புக்குக் கறுப்பு கட்டு. அம்பு நின்னுபோச்சு" என்று ஊருக்கு அறிவித்தான். லீலா வாய் திறக்கப்போனாள். நான் கண்ணைக் காட்டினேன், அடங்கினாள்.

"எல்லாம் சரி, பழம்?" என்றாள் தாயாரம்மாள். "பழம் குந்திக்கினு கீதே. அதுல இன்னா கீதோ!"

எனக்குப் பொறுமை போய்விட்டது. கோட்டைத் தாண்டி உள்ளே போனேன். பின்னாலிருந்து யாரோ "மாமா, வேணாம்" என்றார்கள். பழத்தை எடுத்துக் குங்குமத்தைத் துண்டில் துடைத்துவிட்டு, தோலோடு ஒரு கடி கடித்தேன்.

பழம் என்று நான் சொல்கிறேனே தவிர அது காய். மேல்வரிசையில் எனக்கு இருப்பதே நாலைந்து பல்தான். புளிப்பு பல்லின் வேருக்குப் போய், அங்கேயிருந்து காதுக்குப் போய், உச்சந்தலைக்குப் போயிற்று. ஒரு கண் தானாக மூடிக்கொண்டது. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. தோள் குலுங்கியது.

"ஐயோ, புடிச்சிக்கிச்சு!" என்று தாயாரம்மாள் அலறினாள். கூட்டம் சிதறியது. பாண்டுரங்கன் மட்டும் ஓடவில்லை. அவன் என்னைத் தாங்கிப் பிடிக்கக் கோட்டுக்கு உள்ளேயே ஓடிவந்துவிட்டான். பங்காளி என்றாலும் அவன் அப்படித்தான்.

"அண்ணாத்தே! அண்ணாத்தே! இன்னா பண்ணுது?"

"புளிக்குதுடா" என்றேன். "எலுமிச்சங்காய்டா இது. புளிக்காம இன்னா பண்ணும்?" மிச்சத்தை அவன் மூக்குக்கு நேரே நீட்டினேன். "இந்தா, நீயும் கடி."

அவன் கடிக்கவில்லை. ஆனால் சிரித்துவிட்டான். அவன் சிரித்ததைப் பார்த்துத் தூரத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள். லீலா மட்டும் சிரிக்கவில்லை. அந்தக் கறுப்பும் சிவப்புமான கையோடு அங்கேயே உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு, "சோதனை மின்னூட்டத்த கடிச்சிட்டீங்களே மாமா" என்றாள்.

சனிக்கிழமை காலை பாண்டுரங்கன் வீட்டிலிருந்து ஒரு சொம்பு பால் வந்தது. தாயாரம்மாளே கொண்டுவந்தாள். மாடு கறந்துவிட்டதாம். மடி தளும்பத் தளும்பக் கறந்ததாம். "உங்கையில நல்லது கீதுடி" என்று லீலாவின் முகத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள். பருத்திக்கொட்டை ஊறவைத்துப் போடு என்று நான் பாண்டுரங்கனிடம் அந்த வாரம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை மத்தியானம்தான் போட்டிருக்கிறான். இதை நான் சொன்னேன். யாரும் காதில் வாங்கவில்லை. சாயங்காலம் கோதண்டம் பஸ்ஸை விட்டு இறங்கியதும் பாண்டுரங்கன் அவனிடம் சொல்லத்தான் செய்தான். "உம்பொண்டாட்டிய பரீட்சைக்கு அனுப்பு. தடுத்தின்னா நான் மனுசனா இருக்க மாட்டேன்" என்று சொன்னானாம். ஒன்றும் புரியாமல் என் மகன் சரி சித்தப்பா என்று தலையாட்டிவிட்டு வந்தான். ஊர் சொல்லிவிட்டது, அவனுக்கு அது போதும்.

அதிலும் ஒரு கூத்து. ஞாயிற்றுக்கிழமை நான் டீக்கடைக்குப் போனபோது தாண்டவராயன் டம்ளரை வைத்துவிட்டுக் காதோரம் குனிந்தான். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் புதிதாக ஒருவன் டீக்கடை போட்டிருந்தான். "அண்ணே, அந்த நாலு கல்லுல எத மாத்தி வெச்சா அம்பு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போவும்? பாப்பாவ கேட்டுச் சொல்லேன்" என்றான். சாமியிடம் ரேஷன் கார்டு கேட்பவன் என்று என்னைச் சொன்னவன் இவன்தான்.

திங்கட்கிழமை அவளை ஸ்ரீபெரும்புதூருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஸ்கூல் வாசலில் புங்கமரத்து நிழலில் உட்கார்ந்து காத்திருந்தேன். வெளியே வந்தவள் முகத்தைப் பார்த்தே போண்டா வாங்கித் தரலாம் என்று தெரிந்தது. வாங்கினேன். சூடாக இருந்தது. தின்றுகொண்டே பஸ்ஸுக்கு நின்றோம்.

"வந்துச்சு மாமா, நம்ம கணக்கு. ஆனா சதுரம் இல்ல, முக்கோணம். மூணு முனைலயும் செவப்பு. நடுவுல இன்னான்னு கேட்டான்."

"இன்னா எழுதின?"

"பூஜ்யம்."

"அதெப்படி? நாலுன்னா எதிரெதிரா ஜோடி சேந்து அடிச்சிக்குது, சரி. மூணுல யாருக்கு யாரு எதிரி?"

"எந்த ரெண்டு பேரு சேந்தாலும் மூணாவது ஆளுக்கு சரியா போயிடும். அம்பு போட்டுப் பாத்தேன், ஒண்ணாங்கிளாஸா வந்துச்சு."

பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்தோம். ஒரகடம் தாண்டுகிற வரைக்கும் எனக்கு அது மனசில் உறுத்திக்கொண்டே இருந்தது. கடைசியில் கேட்டுவிட்டேன்.

"ஏம்மா, நாலு பேரும் சமமா இழுக்கறதால நடுவுல ஒண்ணும் இல்லன்ற. எவனும் இழுக்கலன்னாலும் நடுவுல ஒண்ணும் இருக்காது. ரெண்டுக்கும் இன்னா வித்தியாசம்? உம்புஸ்தகம் பொய் சொல்லலன்னு எப்டித் தெரியும்?"

அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தவள் திரும்பினாள். வாயோரத்தில் போண்டா எண்ணெய்.

"ஒரு அடி தள்ளி நின்னு பாக்கணும் மாமா" என்றாள். "நட்டநடுவுல மட்டுந்தான் ஒண்ணும் இல்ல. கொஞ்சம் தள்ளினா தெரிஞ்சிடும், யாராண்ட போறோம்னு."

ரிசல்ட் வர நாள் இருக்கிறது. வந்தால் பார்க்கலாம். பாஸ் என்று பேப்பரில் போட்டாலும் நம்பர் சரியா என்று இரண்டு பேரைப் படிக்கச் சொல்லித்தான் நம்புவேன். லீலா இப்போது நிம்மதியாகத் தூங்குகிறாள், பரீட்சை நினைப்பில் அவள் மறந்துகொண்டிருந்த உப்பும் இப்போது என் மோரில் சரியாக இருக்கிறது. களத்தில் அந்த நாலு கல்லையும் எடுக்கக்கூடாது என்று பாண்டுரங்கன் சொல்லிவிட்டான். இருக்கட்டும், ஊருக்கு நல்லதாம். தாயாரம்மாள் வெள்ளிக்கு வெள்ளி இரண்டு கல்லுக்குக் குங்குமம் வைக்கிறாள், இரண்டு கல்லுக்குக் கரி தடவுகிறாள். மாற்றி வைத்துவிடக்கூடாது என்று லீலாவைக் கூப்பிட்டுக் கேட்டுக்கொண்டு வைக்கிறாள். நாலுக்கும் ஒவ்வொரு செம்பருத்தி. ஏரிக்குப் போகிறவர்கள் யாரும் இப்போது குறுக்கே நடப்பதில்லை. ஓரமாகச் சுற்றிக்கொண்டு போகிறார்கள். வட்டமாக ஒரு தடமே விழுந்துவிட்டது.

நேற்று வெயில் தாழ்ந்த பிறகு நான் குறுக்கே போனேன். நடுவில் பழம் இருந்த இடத்தில் நின்றேன். நாலு பக்கமும் பூ வைத்த கல். ஒன்றும் இழுக்கவில்லை, ஒன்றும் தள்ளவில்லை. யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்துகொண்டு, ஒரு கரிக்கல் பக்கமாக ஒரு அடி தள்ளி நின்றேன்.

தோளில் கிடந்த துண்டின் முனை எழும்பி அந்தக் கல்லைப் பார்த்துப் படபடத்தது.

காற்று. களத்தில் எப்போதும் காற்று உண்டு, நெல் தூற்றுவதே அதை நம்பித்தான். துண்டை இழுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தேன்.